கருத்துக் கட்டுரை எழுதுவது எப்படி? – கையடக்கத் தொலைபேசியை முன்வைத்து ஒரு பாடம்



"கையடக்கத் தொலைபேசியின் நன்மை தீமைகள்", "இணையமும் இளைஞரும்", "சமூக ஊடகங்கள் மாணவரைச் சீரழிக்கின்றனவா?" போன்ற தலைப்புகளைத் தவணைப் பரீட்சைகளிலும் மாதிரி வினாத்தாள்களிலும் நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். தெரிந்த தலைப்பு என்ற மகிழ்ச்சியில் உடனே எழுதத் தொடங்குவீர்கள். ஆனால், எல்லோருக்கும் தெரிந்த இந்தத் தலைப்பிலேதான் பலர் புள்ளிகளை இழக்கின்றனர்.

ஒருமுறை எனது வகுப்பில் இத்தலைப்பைக் கொடுத்து எழுதச் சொன்னேன். பெரும்பாலான விடைகள் "இன்றைய நவீன உலகிலே" என்று தொடங்கின. "கையடக்கத் தொலைபேசி ஒரு கத்தியைப் போன்றது, நல்லதற்கும் பயன்படும், தீயதற்கும் பயன்படும்" என்று முடிந்தன. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடைய விடை என்று கண்டுபிடிக்க இயலாது. கொழும்பில் இருந்து எழுதியதா, ஹட்டனில் இருந்து எழுதியதா என்பதும் தெரியாது.

ஒரு மாணவி மட்டும் வேறுவிதமாகத் தொடங்கியிருந்தாள். "எங்கள் வீட்டில் ஒரு தொலைபேசிதான் உண்டு. பிள்ளைகள் நாங்கள் மூவர். அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது தொலைபேசியும் மலைக்குப் போய்விடும்." இந்த வாக்கியங்களில் ஓர் எழுத்துப்பிழையும் இருந்தது. ஆயினும் அவ்வகுப்பில் மிகக் கூடிய புள்ளி அவளுக்கே கிடைத்தது. காரணம், அவள் எழுதியது அவளுக்குத் தெரிந்த விடயம். மற்றவர்கள் எழுதியதோ யாரோ எழுதி, யாரோ மனனம் செய்த விடயம்.

கருத்தைச் சொல்வது எளிது. அக்கருத்து எங்கிருந்து வந்தது என்று காட்டுவதே கட்டுரை. இப்பாடத்தில் நாம் கற்கப்போவது இதுவே.

1. உண்மை, கருத்து, செவிவழிச் செய்தி

கட்டுரையில் இடம்பெறும் கூற்றுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

(அ) உண்மை: சரிபார்க்கக் கூடியது. யார் சரிபார்த்தாலும் ஒரே விடை வரும்.
எடுத்துக்காட்டு: "இலங்கை ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கியது."

(ஆ) கருத்து: ஒருவரின் மதிப்பீடு. மற்றொருவர் மறுக்கலாம். காரணம் காட்டினால் அது வலுப்பெறும்.
எடுத்துக்காட்டு: "தொலைக்காட்சியைவிட வானொலியே மாணவருக்கு நல்லது."

(இ) செவிவழிச் செய்தி: உண்மைபோலத் தோன்றும், ஆனால் யார் சொன்னது, எங்கே, எப்போது என்று கேட்டால் பதில் இராது.
எடுத்துக்காட்டு: "கையடக்கத் தொலைபேசி பாவித்து ஒருவருக்கு மூளை பழுதாகிவிட்டதாம்."

மூன்றாவது எடுத்துக்காட்டின் இறுதியில் உள்ள "ஆம்" என்ற ஒலியைக் கவனியுங்கள். "பழுதாகிவிட்டதாம்", "சொன்னார்களாம்", "தடைசெய்யப் போகிறார்களாம்" என வரும் இந்த "ஆம்", நான் நேரில் அறியேன், பிறர் சொல்லக் கேட்டேன் என்று பொருள் தரும். தமிழ்மொழி நமக்குத் தந்துள்ள நல்ல எச்சரிக்கை இது. கட்டுரை எழுதும்போது பலர் இந்த "ஆம்" என்பதை நீக்கிவிட்டு "மூளை பழுதாகிவிடுகிறது" என்று உறுதியாக எழுதிவிடுகின்றனர். செவிவழிச் செய்தி உண்மையின் உடையை அணிந்துகொள்வது அந்த இடத்திலேதான்.

2. எது நல்ல தொலைபேசி? – அளவுகோலைக் கூறுக

பாடசாலை விட்டு வரும் வழியில் மாணவர் சிலர் தொலைபேசிகளைப் பற்றி வாதாடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒருவர் ஐபோன்தான் சிறந்தது என்பார். மற்றவர் அன்ட்ரொயிட் போதும் என்பார். கமராவில் எத்தனை மெகாபிக்சல், எவ்வளவு நினைவகம் என்று கணக்குகள் வரும். வாதம் முடிவதில்லை. ஏன்? இருவரும் வெவ்வேறு அளவுகோலை வைத்துக்கொண்டு பேசுகின்றனர். ஆனால் அதை வெளியே சொல்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நோக்கியா 1100 என்ற தொலைபேசி 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் கமரா இல்லை. இணையம் இல்லை. வண்ணத்திரையும் இல்லை. ஆயினும் உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. காரணம் என்ன? விலை குறைவு. ஒருமுறை மின்னேற்றினால் பல நாட்கள் தாங்கும். தூசு படிந்தாலும் பழுதாகாத விசைப்பலகை. இவற்றோடு, தலைப்பகுதியில் ஒரு சிறிய டோர்ச் விளக்கு.

இந்த டோர்ச் விளக்கின் மதிப்பு நகரத்தில் இருப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. இருட்டிய பின் பிரதான வீதியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே உள்ள குறுக்குப் பாதையில் லயத்துக்கு ஏறிப் போகிறவருக்கு நன்றாகத் தெரியும். படம் பிடித்தல் என்ற அளவுகோலில் நோக்கியா 1100 கடைசியில் நிற்கும். இரவில் வழிகாட்டுதல், மின்சாரம் தடைப்பட்டாலும் தாங்குதல் என்ற அளவுகோலில் அது முதலிடம் பெறும்.

எனவே "நல்லது", "கெட்டது", "சிறந்தது" என்ற சொற்களை எழுதியவுடன் உங்களையே கேளுங்கள்: யாருக்கு? எதற்கு? எதனோடு ஒப்பிட்டு? இம்மூன்று வினாக்களுக்கும் விடை எழுதினால் ஒரு பந்தி உருவாகிவிடும்.

3. ஆதாரத்தை அருகில் தேடுக

"ஆதாரம் என்றால் அமெரிக்காவில் நடந்த ஆய்வு வேண்டுமா, சேர்?" என்று மாணவர் கேட்பதுண்டு. வேண்டியதில்லை. உங்கள் கண்ணெதிரே ஆதாரம் இருக்கிறது. நான்கு வழிகளில் தேடலாம்.

(அ) இடத்தைப் பாருங்கள்

நுவரெலியா நகரத்துக்கு மேலே நிற்கும் பீதுருதாலகால மலை 2,524 மீற்றர் உயரமானது. இலங்கையின் மிக உயர்ந்த மலை. அதன் உச்சியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிலையம் உண்டு. நாட்டின் பெரும்பகுதிக்குப் படம் போய்ச் சேர்ந்தது நமது மலையில் இருந்தே. அதே மாவட்டத்தில், மலை மடிப்புகளுக்குள் இருக்கும் சில தோட்டப் பிரிவுகளில் தொலைபேசிச் சிக்னல் கிடைப்பதில்லை. அலைகள் மலையை ஊடுருவிச் செல்ல மாட்டா என்பதே காரணம். கோபுரத்துக்கும் தொலைபேசிக்கும் நடுவே ஒரு குன்று நின்றால் போதும், சிக்னல் தடைப்பட்டுவிடும். மலையுச்சிக்கு வசதியும் மலையடிவாரத்துக்குத் தடையும் ஒரே காரணத்தால் வருகின்றன. இதை எழுதும் மாணவர் புவியியலையும் தமிழையும் ஒரே பந்தியில் பயன்படுத்துகிறார்.

(ஆ) காலத்தைப் பாருங்கள்

புதிய கருவி வரும்போதெல்லாம் அதனை ஐயத்தோடு நோக்குவது மனித இயல்பு. கொழும்பில் வானொலிச் சேவை 1925 டிசம்பர் 16ஆம் திகதி முறையாகத் தொடங்கப்பட்டது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் வந்தன. 1989இல் கையடக்கத் தொலைபேசிச் சேவை இந்நாட்டுக்கு வந்தது. உங்கள் வீட்டில் உள்ள அப்பாயியிடமோ அம்மாயியிடமோ கேட்டுப் பாருங்கள்: "முதன்முதலாக டீவி வந்தபோது பெரியவர்கள் என்ன சொன்னார்கள்?" அவர்கள் சொல்லும் பதிலை எழுதிக்கொள்ளுங்கள். இன்று தொலைபேசியைப் பற்றிச் சொல்லப்படுவதோடு அதை ஒப்பிடுங்கள். ஒன்றாக இருப்பது எது? வேறாக இருப்பது எது? இது நீங்களே செய்த ஆய்வாகும்.

(இ) கணக்கைப் பாருங்கள்

2021 மார்ச் மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு ஸ்மார்ட் தொலைபேசியின் விலை 25,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதனை வாங்க 25 நாட்கள் முழுப்பெயர் போட்டிருக்க வேண்டும். கழிவுகளைச் சேர்க்காத கணக்கு இது. அரிசிக்கும் மாவுக்கும் ஒரு சதமும் எடுக்காத கணக்கு. அதன் பின்னர் சம்பளமும் உயர்ந்தது, பொருள்களின் விலையும் உயர்ந்தது. நீங்கள் எழுதும் நாளில் உள்ள சம்பளத்தையும் விலையையும் வைத்துப் புதிதாகக் கணக்கிடுங்கள். "தொலைபேசி விலை அதிகம்" என்பது வெறும் கருத்து. "தொலைபேசியின் விலை அம்மாவின் ஒரு மாதக் கொழுந்து" என்பது கணக்கோடு கூடிய கருத்து.

(ஈ) நடந்ததைப் பாருங்கள்

2020 மார்ச்சில் கொவிட்-19 காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப் குழுக்களிலும் சூம் வகுப்புகளிலும் தொலைக்காட்சியிலும் நடந்தன. 2021இல் பதுளை மாவட்டத்தின் லுணுகலைப் பகுதியில், மலைக்காட்டில் மரத்தின் மேல் அமைத்த குடிலில் இருந்து பிள்ளைகள் இணைய வகுப்பில் கலந்துகொண்ட செய்தி உலக ஊடகங்களில் வெளிவந்தது. நாட்டில் இருந்த 43 இலட்சம் மாணவரில் அதிகபட்சம் 40 சதவீதத்தினரே இணைய வகுப்பில் சேர முடிந்தது என்று இலங்கை ஆசிரியர் சங்கம் அப்போது மதிப்பிட்டது. "மதிப்பிட்டது" என்ற சொல்லைக் கவனிக்க. எண்ணித் தெரிந்துகொண்ட தொகை அல்ல, சங்கத்தின் மதிப்பீடு. யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

4. எதிர்க்கருத்தை மதித்து எழுதுக

"தொலைபேசி தேவை" என்று எழுதும் மாணவர் பலர், "வேண்டாம்" என்பவரைப் பழைமைவாதி என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகின்றனர். இதனால் கட்டுரை வலுவிழக்கும். வேண்டாம் என்று சொல்பவர் யார்? பெரும்பாலும் உங்கள் தாய் தந்தையர். அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?

அதிகாலை எழுந்து, ரொட்டி சுட்டு வைத்துவிட்டு மலைக்குப் போகும் தாய், பிள்ளை என்ன பார்க்கிறது என்று பக்கத்தில் இருந்து கவனிக்க முடியாது. தவணைக்கு எடுத்த தொலைபேசியின் கடன் முடியும் முன்னே அதன் திரை உடைந்துவிடுமோ என்ற அச்சமும் அவருக்கு உண்டு. பரீட்சை நெருங்கும் வேளையில் நள்ளிரவு வரை விளையாடும் பிள்ளையையும் அவர் கண்டிருக்கிறார். இவை அறியாமையால் வந்த கருத்துகள் அல்ல, அனுபவத்தால் வந்தவை.

எதிர்க்கருத்தை அதன் வலுவான வடிவத்தில் எழுதுங்கள். அதன் பின்னர் உங்கள் பதிலைக் கூறுங்கள். பயன்படும் தொடர்கள் சில:

"இவ்வாறு அஞ்சுவதில் நியாயம் உண்டு. எனினும்..."
"இக்கருத்தை முற்றாக மறுக்க இயலாது. ஆனால்..."
"இக்குறை கருவியினுடையதா, பயன்படுத்தும் முறையினுடையதா என்பதைச் சிந்தித்தல் வேண்டும்."

5. செவிவழிச் செய்தியின் விலை

கட்டுரையில் ஒரு செவிவழிச் செய்தியை எழுதினால் இரண்டு புள்ளிகள் போகலாம். வாழ்க்கையில் அதன் விலை இன்னும் பெரியது. நமது மத்திய மாகாணத்திலேயே நடந்ததை நினைவுகூர்வோம்.

2018 பெப்ரவரியில், அம்பாறையில் உள்ள ஓர் உணவகத்தில் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டது என்ற வதந்தி காணொளியோடு பரவியது. உணவு மாதிரியை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் ஆராய்ந்தார். அதில் அத்தகைய மருந்து எதுவும் இல்லை, இருந்தது மாப்பொருளே என்று தெரியவந்தது. ஆனால் வதந்தி போன வேகத்தில் அறிக்கை போகவில்லை. 2018 மார்ச்சில், வேறொரு சம்பவத்தைத் தொடர்ந்து கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. உயிர்களும் பலியாயின. வெறுப்பூட்டும் பதிவுகள் பரவியமையால் முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றை அரசாங்கம் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது. தமது தளம் இவ்வாறு தவறாகப் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. வருத்தம் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. எரிந்த கடை எரிந்ததுதான்.

இதைச் சொல்லும் நானும் தவறு செய்தவன்தான். சாதாரண தரப் பரீட்சைகள் அடிக்கடி தள்ளிப்போன காலம் அது. "பரீட்சை மீண்டும் ஒத்திவைப்பு" என்று ஒரு செய்தி ஓரிரவு எனது தொலைபேசிக்கு வந்தது. திணைக்களத்தின் சின்னமும் அதில் இருந்தது. படித்தவுடன் வகுப்புக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில்தான் அது பொய் என்று தெரிந்தது. வீடு வீடாகத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். இரண்டு வீடுகளுக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. பஸ் ஏறிப் போய்ச் சொல்லி வந்தேன். "சேர் அனுப்பினதுதானே என்று புத்தகத்தை மூடிவிட்டேன்" என்றான் ஒரு மாணவன். அவன் கோபப்படவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அன்று முதல் எனக்கு நானே வகுத்துக்கொண்ட நான்கு கேள்விகள் இவை. நீங்களும் மனங்கொள்க.

1. இதனை முதலில் சொன்னவர் யார்?
2. எப்போது சொன்னார்? (பழைய செய்தி புதிதுபோல வருவதுண்டு.)
3. வேறு எங்கே சரிபார்க்கலாம்? (பரீட்சை பற்றியதாயின் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் உண்டு, 1911 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.)
4. இது பொய்யானால் யாருக்குப் பாதிப்பு?

நான்காவது கேள்விக்கு விடை கிடைக்கும்வரை விரல் பொறுத்திருக்கட்டும்.

6. கட்டுரையின் சட்டகம்

முன்னுரை: நீங்கள் நேரில் கண்ட ஒரு காட்சி, அதிலிருந்து எழும் வினா. (ஒரு பந்தி)
உடல்: (1) உங்கள் கருத்தும் முதலாவது ஆதாரமும். (2) இரண்டாவது ஆதாரம் – கணக்கு அல்லது நிகழ்ச்சி. (3) எதிர்க்கருத்தும் உங்கள் பதிலும்.
முடிவுரை: யார் என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவான கூற்று. புதிய விடயம் எதனையும் முடிவுரையில் தொடங்கக் கூடாது.

7. மாதிரிக் கட்டுரை

தோட்டப்புற மாணவருக்குக் கையடக்கத் தொலைபேசி தேவையா?

எங்கள் தோட்டத்தில் பிள்ளையார் கோயிலுக்கு மேலே ஒரு பெரிய கல் உண்டு. 2021ஆம் ஆண்டில் அக்கல்லுக்கு "வகுப்பறை" என்று பெயர் வந்தது. சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றே. மழை வந்தால் ஒருவர் குடை பிடிக்க, மற்றவர் குறிப்பெழுதுவார். தொலைபேசி இருந்தவர் நால்வர். கல்லைச் சுற்றி நின்றவர் பதினொருவர். அன்று முதல் என் மனத்தில் ஒரு வினா உண்டு. தோட்டப்புற மாணவருக்குக் கையடக்கத் தொலைபேசி தேவையா?

தேவை என்பதே எனது கருத்து. எங்கள் தோட்டத்தில் இருந்து நூலகத்துக்குப் போவதாயின் ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் செல்ல வேண்டும். கணித பாடத்துக்குப் பல மாதங்கள் ஆசிரியர் இல்லாமலும் இருந்தோம். அக்காலத்தில் கடந்தகால வினாத்தாள்களையும் விளக்கங்களையும் தொலைபேசியிலேயே பெற்றோம். நகரத்து மாணவருக்குத் தொலைபேசி பல வசதிகளுள் ஒன்று. எங்களுக்கோ அது நூலகமாகவும் ஆசிரியராகவும் இருந்தது.

எனினும் தேவையான பொருள் எல்லாம் எளிதில் கிடைப்பதில்லை. எனது தாயார் கொழுந்தெடுக்கும் தொழிலாளி. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்த காலத்தில் 25,000 ரூபாவுக்குத் தொலைபேசி வாங்கினார். அது இருபத்தைந்து நாள் உழைப்பு. ரீலோட் செய்யும் செலவு இதில் அடங்காது. ஆகவே எங்கள் வீட்டில் தொலைபேசி ஒருவருடையதன்று, எல்லோருடையதும் ஆகும். மாலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை அண்ணனுக்கு, ஏழு முதல் எட்டு வரை எனக்கு, அதன் பின்னர் அம்மாவுக்கு என்று நேரம் வகுத்துள்ளோம்.

தொலைபேசியால் பிள்ளைகள் கெடுவர் என்று பெரியவர்கள் அஞ்சுகின்றனர். இவ்வாறு அஞ்சுவதில் நியாயம் உண்டு. இரவெல்லாம் விளையாடிவிட்டு வகுப்பில் உறங்கிய நண்பனை நான் அறிவேன். பொய்யான செய்தியை ஆராயாமல் பகிர்ந்து, அயல் வீட்டாரோடு பகை தேடிக்கொண்டவரையும் அறிவேன். ஆனால் எங்கள் வீட்டில் வகுத்த நேர அட்டவணை தொலைபேசியைப் பறிக்காமலே இக்குறையைக் குறைத்தது. பிள்ளை பார்ப்பதைப் பெற்றோரும் சேர்ந்து பார்க்கும் வழக்கம் வந்தால் அச்சம் மேலும் குறையும்.

எனவே தோட்டப்புற மாணவருக்குத் தொலைபேசி தேவை. அதற்கு மேலாகச் சிக்னலும் தேவை. தொலைபேசி வாங்கித் தருவது பெற்றோரின் உழைப்பு. கோபுரம் அமைப்பதும் பாடசாலையில் இணைய வசதி தருவதும் பொறுப்பிலுள்ளோரின் கடமை. அளவோடு பயன்படுத்துவது எமது கடமை. இனி ஒரு நோய்க்காலம் வந்தாலும் மழையில் கல்லின் மேல் நின்று பாடம் கேட்கும் நிலை எங்கள் தம்பி தங்கையருக்கு வரக் கூடாது.

(குறிப்பு: இக்கட்டுரையை மனனம் செய்ய வேண்டாம். அந்தக் கல் உங்கள் தோட்டத்தில் இல்லை. உங்கள் தோட்டத்தில் உள்ளதை எழுதுக.)

8. புள்ளி இழக்கச் செய்யும் பிழைகள்

* "தொலைப்பேசி" என்று எழுதுவது பிழை. "தொலைபேசி" என்பதே சரி. ஆனால் "தொலைக்காட்சி" என்பதில் "க்" வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.
* "ஒரு இணையத்தளம்" பிழை. "ஓர் இணையத்தளம்" சரி. உயிரெழுத்துக்கு முன் "ஓர்", உயிர்மெய்க்கு முன் "ஒரு" (ஒரு தொலைபேசி).
* "பல செய்திகள் வந்தது" பிழை. "பல செய்திகள் வந்தன" சரி. எழுவாய் பன்மையாயின் பயனிலையும் பன்மையாகும்.
* "ஃபோன்ல பார்த்தோம்" போன்ற பேச்சு வழக்கு உரையாடலில் மட்டுமே வரலாம். கட்டுரையில் "தொலைபேசியில் பார்த்தோம்" என எழுதுக. வட்ஸ்அப், யூடியூப் போன்ற பெயர்ச் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதலாம்.
* "அனைவரும்", "எப்போதும்", "ஒருபோதும்" என்ற சொற்களைக் கவனமாகப் பயன்படுத்துக. "மாணவர் அனைவரும் தொலைபேசிக்கு அடிமையாகிவிட்டனர்" என்றால், அடிமையாகாத ஒரு மாணவர் இருந்தாலும் கூற்றுப் பொய்யாகிவிடும். "சிலர்", "எனது வகுப்பில் பலர்" என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்.

9. பயிற்சி

அ. பின்வருவன உண்மையா, கருத்தா, செவிவழிச் செய்தியா எனக் கூறுக.

1. நோக்கியா 1100 தொலைபேசி 2003இல் வெளிவந்தது.
2. இணைய விளையாட்டுகள் நேரத்தை வீணாக்குகின்றன.
3. அடுத்த மாதம் முதல் வட்ஸ்அப்புக்குக் கட்டணம் அறவிடப் போகிறார்களாம்.
4. பீதுருதாலகால இலங்கையின் மிக உயர்ந்த மலையாகும்.
5. அச்சுப் பத்திரிகையைவிட இணையச் செய்தி நம்பத்தக்கது.

ஆ. "இந்தத் தொலைபேசி மிகவும் நல்லது" என்ற கூற்றை, யாருக்கு, எதற்கு, எதனோடு ஒப்பிட்டு என்ற மூன்று வினாக்களுக்கும் விடை வருமாறு ஐந்து வாக்கியங்களில் விரித்தெழுதுக.

இ. உங்கள் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் வானொலி அல்லது தொலைக்காட்சி முதன்முதலாக வீட்டுக்கு வந்த நாளைப் பற்றிக் கேட்டு, ஒரு பந்தி எழுதுக.

ஈ. "சமூக ஊடகங்களால் நன்மையைவிடத் தீமையே அதிகம்." இக்கூற்றை ஆதரித்தோ மறுத்தோ கட்டுரை எழுதுக. எதிர்க்கருத்துக்கு ஒரு பந்தி ஒதுக்குக.

விடைக்குறிப்பு (அ): 1. உண்மை. 2. கருத்து, எவருடைய நேரம், எவ்வளவு நேரம் என்று காட்டினால் வலுப்பெறும். 3. செவிவழிச் செய்தி, "ஆம்" என்ற ஈற்றைக் கவனிக்க. 4. உண்மை. 5. கருத்து, எந்தப் பத்திரிகை, எந்த இணையத்தளம் என்று குறிப்பிடாமல் ஏற்கவோ மறுக்கவோ இயலாது.

மாணவர்களே, பரீட்சை மண்டபத்துக்குள் தொலைபேசி கொண்டுசெல்ல முடியாது. அங்கே தேடிப் பார்க்க இணையமும் இல்லை. நீங்கள் கண்டது, கேட்டது, கணக்கிட்டது ஆகிய மூன்றும் மட்டுமே உங்களோடு வரும். நீங்கள் நடந்த பாதையும் உங்கள் அம்மாவின் 25 நாட்களும் வேறு எந்த மாணவரின் விடைத்தாளிலும் இருக்க மாட்டா. அவற்றை எழுதுங்கள். புள்ளி தானாக வரும்.